கடைசி ஆள்

சென்ற சிறுபோக வெட்டு முடிந்த நாட்களில் ஒரு மாலை, மட்டக்களப்புச் சித்தாண்டியில் ஒரு மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பகலில் ஆசிரியராகவும் மாலையில் பயிற்றுநராகவும் இருக்கிற ஒருவர் வேப்பமர நிழலில் குந்தியிருந்து காய்ந்த தடியால் மணலில் கோடு கீறிக்கொண்டிருந்தார். நாலு கூழாங்கற்களை ஒரே வரிசையில் வைத்தார். அவற்றுக்கு முன்னால் இரண்டு சோடா மூடிகளை வைத்தார். கல் நாலும் தன்னுடைய பிள்ளைகள், மூடி இரண்டும் எதிரணி முன்களக்காரர். மூடியை அவர் வலப்பக்கம் தள்ளியபோது நாலு கல்லும் கொஞ்சம் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தன. எந்தக் கல்லும் மூடிக்குப் பின்னால் ஓடவில்லை. சுற்றி நின்ற இளைஞர்கள் தலையாட்டினார்கள். கல் நகர்வதுபோலத் தாங்களும் நகர்ந்துவிடலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கவேண்டும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எங்கள் பக்கத்து உதைபந்தாட்டக் கழகங்கள் நான் அறிந்த நாள் முதல் ஆடிவந்தது வேறு ஆட்டம். எதிரணியின் முன்களக்காரன் ஒவ்வொருவனுக்கும் நம்மில் ஒரு ஆள். அவன் தண்ணீர் குடிக்கப் போனாலும் இவன் பின்னால் போகவேண்டும். இவர்கள் எல்லாருக்கும் பின்னால் ‘ஸ்டொப்பர்’ என்று ஒருவன் நிற்பான், கடைசி ஆள். தப்பி வருகிற பந்தை வந்த வேகத்திலேயே வீதிக்கு உதைத்துவிடுவது அவன் தொழில். அழகான ஆட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் யார் பிழைவிட்டான் என்பது எல்லாருக்கும் உடனே தெரிந்துவிடும், ஒவ்வொருவனுக்கும் ஒரு பெயர் ஒப்படைக்கப்பட்டிருப்பதால். புதிய முறையில் ஒப்படைக்கப்படுவது பெயர் அல்ல, நிலம். நாலு பேரும் ஒரு வரிசையாக நின்று, தங்கள் தங்கள் பகுதிக்குள் வருகிறவனை மட்டும் பார்த்து, அவன் அடுத்த பகுதிக்குள் போனால் அடுத்தவனிடம் கையளித்துவிட்டு, ஒரே மூச்சில் முன்னேறி எதிரியை ஓஃப்சைட்டில் விடவேண்டும். உலகம் இதற்கு மாறி வெகுகாலம் ஆகிறது. பயிற்றுநர் இதைக் கைப்பேசிக் காணொளிகளில் இரவிரவாகப் பார்த்துப் படித்திருக்கிறார். அவருடைய அக்கறையில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

அந்தக் கழகத்தில் ஒரு பையன் இருந்தான். அவனை ஊரில் ‘அட்டை’ என்பார்கள். இது ஏளனப் பெயர் அல்ல. ஆறேழு வருடமாக எதிரணியின் மிகக் கெட்டிக்கார முன்களக்காரனை அவனிடம்தான் ஒப்படைத்துவந்தார்கள். ஒட்டினால் விடமாட்டான். மழைக்காலத்தில் சேற்று வயலுக்குள் போய் வந்தவர்களுக்கு இந்தப் பெயரில் இருக்கிற மரியாதை விளங்கும். புதிய முறையில் அவன் மூன்று பயிற்சி ஆட்டம் ஆடினான். மூன்றிலும் தன்னுடைய பகுதியை விட்டு எவனோ ஒருவனுக்குப் பின்னால் மைதானத்தின் மறுகரை வரைக்கும் போய்விட்டான். அவன் விட்டுப்போன இடைவெளிக்குள்ளால் பந்து வந்தது. நாலாவது ஆட்டத்துக்குச் சட்டை கொடுக்கும்போது அவனுடைய இலக்கச் சட்டை இன்னொரு பையனின் கைக்குப் போயிற்று. அவனுக்கு விசயம் அப்போதுதான் தெரிந்தது. ஓரத்தில் நின்ற பெரியவர் ஒருவர் எங்களுக்கெல்லாம் கேட்கும்படியாக, “ஆள் சரியில்ல” என்றார். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

அந்த இரண்டு சொல்லைப் பிறகு பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் வரைக்கும் சரியாக இருந்த ஆள் இந்த மாதம் எப்படிச் சரியில்லாமற் போனான்? அவன் கால் மெலியவில்லை, மூச்சு குறையவில்லை. எதற்காக இதுவரை அவன் தோளில் தட்டினோமோ அதையேதான் அவன் இப்போதும் செய்தான். மாறியது நம்முடைய கேள்வி. பிழைத்தது அவனுடைய விடை என்று பதிந்துகொண்டோம். ஒரு திட்டத்தை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கணக்கு எழுதுகிறார்கள். திட்டம் புதிது என்பதால் அதற்குக் குற்றம் வராது. ஆகவே குற்றம் பழைய ஆட்களின் பேரில் வரவு வைக்கப்படும்.

இதில் எனக்குப் புதிராக இருப்பது இன்னொன்று. இடத்தைக் காப்பது என்பது எங்கள் ஊருக்குப் புதிய கல்வியே அல்ல. பெரும்போகத்தில் கதிர் முற்றுகிற காலத்தில் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இரவுக் காவலுக்குப் போகிறவர்கள் வேறென்ன செய்கிறார்கள்? ஒவ்வொருவனுக்கும் ஒரு பரண், பரணைச் சுற்றி அவன் பார்க்கவேண்டிய வயல். யானை வந்தால் அவன் யானைக்குப் பின்னால் ஓடுவதில்லை. தன்னுடைய எல்லையில் நின்று வெளிச்சம் அடித்து, தகரம் தட்டி, வெடி கொளுத்தி, அது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துப் பரணுக்குக் குரல் கொடுப்பான். குரல் கொடுப்பதுதான் அந்தக் காவலின் உயிர். யானைக்குப் பின்னால் ஓடுகிறவன் வீரன் அல்ல, மறுநாள் வீட்டுக்கு வந்துசேராதவன். அட்டையின் தகப்பன் இப்படி எத்தனையோ போகம் பரணில் இருந்தவர். பையனும் உடன் போயிருப்பான். ‘மனே, இது வட்டைக் காவல்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மணலில் கல்லும் மூடியும் வேண்டியிருந்திராது. நமக்கோ புதியது என்றால் அது கட்டாயம் வெளியிலிருந்து வந்ததாக, வாயில் நுழையாத பெயரோடு இருக்கவேண்டும். ‘சோன்’, ‘லைன்’, ‘பிரெஸ்’ என்ற சொற்கள்தான் அன்று மைதானத்தில் கேட்டன. தெரிந்த ஒன்றைத் தெரியாத ஒன்றாக மாற்றிக் கற்பிப்பதில் நம்முடைய கல்விமுறைக்கு நீண்ட அனுபவம் உண்டு.

காவல்முறையை மாற்றும்போது ஆள் என்ன ஆகிறான் என்பது பழைய கேள்வி. 1925ஆம் ஆண்டு ஓஃப்சைட் விதி மாறியது. முன்களக்காரனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் மூன்று எதிரணியினர் இருக்கவேண்டும் என்பது இரண்டு என்றாயிற்று. இங்கிலாந்தின் முதற்பிரிவில் முந்திய பருவத்தில் 1192ஆக இருந்த கோல்கள் அடுத்த பருவத்தில் 1703ஆகப் பெருகின. அந்த ஒக்டோபரில் ஆர்சனல் அணி நியூகாஸிலிடம் ஏழுக்குப் பூச்சியம் என்று தோற்றது. பயிற்றுநர் ஹெர்பர்ட் சப்மன், மூத்த வீரரான சார்லி பக்கனின் யோசனையைக் கேட்டு, நடுவில் நின்று ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்த ஜக் பட்லரைப் பின்னுக்கு இழுத்து இரண்டு பின்களக்காரருக்கு நடுவில் நிறுத்தினார். நடுவில் உண்டான வெற்றிடத்துக்கு யாரை அனுப்புவது என்ற கேள்வி வந்தபோது எடுத்தது மூன்றாவது அணியில் ஆடிக்கொண்டிருந்த அன்டி நீலை. வேகமே இல்லாதவர், ஆனால் பந்தைக் காலடியில் நிறுத்தி யோசிக்கத் தெரிந்தவர். முறை மாறியபோது மெதுவானவனுக்கு ஒரு வாசல் திறந்தது. பட்லர் கதை வேறு. அவருடைய இயல்பு முன்னேறி ஆடுவது. சிறிது காலத்தில் ஹெர்பி ரொபர்ட்ஸ் என்ற உயர்ந்த மனிதரை 200 பவுணுக்கு வாங்கிவந்து அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அவர் வேறெதுவும் செய்யாமல் அங்கேயே நின்றார், அதற்காகவே பேர் பெற்றார். இதில் ஒரு வேடிக்கை: நடுக்களத்து ஆள் பின்களத்துக்குப் போய் நூறு வருடம் ஆகியும் ‘சென்ரர் ஹாஃப்’ என்ற பழைய பெயரே அவனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சித்தாண்டியிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். வேலை மாறினாலும் பெயரை மாற்ற நமக்கு மனம் வருவதில்லை. ஆளை மாற்றுவதில் அந்தத் தயக்கம் இல்லை.

மிலான் அணிக்கு 1987இல் அரிகோ சாக்கி வந்தபோது பிராங்கோ பரேசி பின்களத்தில் கடைசி ஆளாக நின்று ஏற்கனவே பெயர் எடுத்தவர். அவரை நால்வர் வரிசைக்குள் கொண்டுவருவதற்காக, தான் முன்பு பர்மாவில் பயிற்றிய சின்யோரினி என்ற வீரரின் ஆட்டப் பதிவுகளைப் போட்டுக் காட்டினார் சாக்கி. தன்னைவிடப் புகழ் குறைந்த ஒருவரைப் பார்த்துப் படிக்கவேண்டிய நிலை பரேசிக்கு. அவருக்கு அந்த அவகாசம் கொடுக்கப்பட்டது என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். பரேசிக்கே பாடம் தேவைப்பட்டது என்றால், அட்டைக்கு மூன்று பயிற்சி ஆட்டம் போதும் என்று நாம் எப்படி முடிவு செய்தோம்?

நம் பக்கத்துக்கு அருகில் ஒரு கதை சொல்வதென்றால் 1962 ஜகார்த்தாதான். ஹைதராபாத்தில் ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம் இந்திய அணியை 1950 முதல் பயிற்றிவந்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்றதையும் கண்டவர், 1956 மெல்பேணில் நாலாம் இடத்தையும் கண்டவர். பழைய மூவர் காவலிலிருந்து நால்வர் காவலுக்கு இந்தியா அவர் கையில்தான் நகர்ந்தது. ஆசிய விளையாட்டு விழாவில் அவருடைய பின்களத்தின் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தாய்லாந்துடனான ஆட்டத்தில் தலை உடைந்து தையல் போடவேண்டி வந்தது. வேறொரு பயிற்றுநர் அவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டிருப்பார். ரஹீம் அவரை அரையிறுதியில் முன்களத்தில் நிறுத்தினார். கட்டுப்போட்ட தலையோடு ஜர்னைல் கோல் போட்டார். செப்டெம்பர் 4ஆம் திகதி தென்கொரியாவுடனான இறுதி ஆட்டத்திலும் போட்டார். இரண்டுக்கு ஒன்று என்று தங்கம் கிடைத்தது. அந்த ஆட்டத்தில் கோலுக்குள் நின்றவர் பீட்டர் தங்கராஜ். செகந்தராபாத்துக் கழகங்களில் முன்களக்காரராகத் தொடங்கி, பட்டாளத்தில் சேர்ந்து மதராஸ் ரெஜிமெண்டுக்கு ஆடுகையில் பந்துக்காப்பாளராக மாறியவர். முன்னால் ஓடவேண்டியவர் என்று தன்னை நினைத்திருந்த ஒருவரை யாரோ ஒருவர் கடைசிக்குப் போகச் சொல்லியிருக்கிறார், அவரும் போயிருக்கிறார். காய்ச்சலில் கிடந்த அவரை, கொரியர்களின் உயரமான பந்துகளுக்காக எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார் ரஹீம். நோயில் இருந்தவர் அவர் மட்டுமல்ல. ரஹீமுக்கே நுரையீரலில் புற்றுநோய். அடுத்த ஆண்டு ஜூனில் காலமானார்.

இந்தக் கதையை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், அண்மையில் படமாகவும் வந்தது. என்னை நிறுத்துகிற இடம் வேறு. தங்கராஜ் இறுதி ஆட்டத்துக்குள் வந்தார் என்றால் ஒருவர் வெளியே வந்தார் என்பதுதானே கணக்கு. அவர் பெயர் பிரத்யுத் பர்மன். முந்திய ஆட்டங்களில் கோலைக் காத்தவர், பிழை ஒன்றும் செய்யாதவர். கொரியர்கள் உயரமாக இருந்தார்கள், அவ்வளவுதான். வெற்றி பெற்ற முடிவுகளில் வெளியே இருத்தப்பட்டவனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தோற்ற முடிவுகளில் மட்டும் அவன் பெயர் திடீரென்று எல்லாருக்கும் நினைவுக்கு வரும்.

அமெரிக்காவின் கல்லூரி ஆட்டத்தில், முறை மாறினால் ஆள் என்ன ஆகிறான் என்ற கேள்வி ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அவர்களுடைய பந்து வேறு, முட்டைபோல நீண்டது. காவலில் முன்வரிசையில் நால்வர், அவர்களுக்குப் பின்னால் மூவர் என்று நிறுத்துவது ஒரு முறை. முன்னால் மூவர், பின்னால் நால்வர் என்பது இன்னொன்று. ஒரே ஒரு மனிதனை ஓரடி பின்னுக்கு எடுக்கிற விசயம்போலத் தெரியும். ஆனால் முன்வரிசையின் ஓரத்தில் நின்ற ஒருவன் புதிய மூவருக்குள் நிற்கப் பாரம் போதாதவனாகவும், பின்வரிசைக்குப் போக வேகம் போதாதவனாகவும் ஒரே இரவில் ஆகிவிடுவான். நடுவில் நிற்க மலைபோல ஒருவன் தேவைப்படுவான். அவனை எங்கிருந்தாவது தேடவேண்டும். புதிய பயிற்றுநர் வந்தால் புதிய முறை, புதிய முறை வந்தால் பழைய பிள்ளைகளுக்கு வாசல். 2018க்குப் பிறகு வேறு கல்லூரிக்குப் பெயர் பதிந்துகொண்டு போவதும் எளிதாகிவிட்டது. அங்கே சிக்கல் ஆள் மிகுதி. பெரிய கல்லூரிகள் ஒரு அணிக்கு 105 பேருக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று 2025இல் வரம்பு போடவேண்டியதாயிற்று. எங்கள் பயிற்றுநர் இதைக் கேட்டால் ஒரு பெருமூச்சு விடுவார். மாலைப் பயிற்சிக்கு அவருக்குப் பதினாறு பேர் சேர்ந்தால் அது திருவிழா.

அந்த நாட்டுக்கும் எங்களுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. மட்டக்களப்பில் வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த வெபர் அடிகளாரும், புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்த யூஜின் ஹீபர்ட் அடிகளாரும் நியூ ஓர்லியன்ஸ் யேசுசபை மாகாணத்திலிருந்து வந்தவர்கள். முட்டைப்பந்து ஆட்டம் ஒரு சமயம்போல நடக்கிற லூசியானா மண்ணிலிருந்து வந்து, அதை இங்கே கொண்டுவராமல், இங்குள்ள பிள்ளைகளின் கைகால்களுக்கு எது வருமோ அதைப் பயிற்றினார்கள். ஆளைப் பார்த்து ஆட்டத்தைத் தெரிவு செய்தார்கள் என்று சொல்லலாமா தெரியவில்லை, நான் சொல்ல விரும்புகிறேன். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி ஹீபர்ட் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தார், உடன் ஒரு தமிழ் இளைஞர். அந்த வீதி சித்தாண்டிக்குள்ளால்தான் போகிறது. ஏறாவூருக்கு அப்பால் அவர்களை யாரும் காணவில்லை, இன்றுவரைக்கும். மூன்று வாரம் கழித்து, செப்டெம்பர் 5ஆம் திகதி, இங்கிருந்து தெற்கே நடந்துபோகிற தூரத்தில், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்களும் திரும்பவில்லை.

ஒரு விளையாட்டைப் பற்றி எழுதுகிற இடத்தில் இதைச் சொல்லலாமா என்று நான் தயங்காமலில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஆள் என்ற சொல்லைத் தொட்டால் இது வராமல் இராது. எந்தக் கழகத்துப் பெரியவரிடமும் பழைய அணிப் படம் ஒன்றைக் காட்டி யார் யார் என்று கேட்டுப் பாருங்கள். விரல் ஒவ்வொரு முகத்திலும் நின்று போகிற நேரம் வேறுவேறாக இருக்கும். ‘இருக்கிறவனை வச்சுத்தானே ஆடணும்’ என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். வெளியூர்க்காரர் இதை ஒரு சோம்பல் வார்த்தையாக எடுத்துக்கொள்வார்கள். அது சோம்பல் அல்ல. இல்லாமற் போனவர்களை எண்ணி முடித்த பிறகு எஞ்சுகிற தொகை அது. ஆகவேதான் எனக்கு உறுத்துகிறது: எஞ்சியிருக்கிற ஒவ்வொருவனும் பெறுமதி என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு ஊரில், ‘ஆள் சரியில்லை’ என்ற சொல் எப்படி இவ்வளவு இலகுவாக வாயில் வருகிறது?

பழைய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை என்று தோன்றும். கண்ணகி வழிபாட்டோடு மட்டக்களப்பில் நடந்துவந்த கொம்புமுறி விளையாட்டில் ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். எந்தச் சேரி என்பது குடிவழியாக வருவது. யாரும் யாரையும் தெரிவு செய்வதில்லை, ஆகவே யாரும் விலக்கப்படுவதும் இல்லை. தோற்ற சேரிக்காரன் வசைப்பாட்டைக் கேட்கவேண்டும், ஆனால் தன்னுடைய சேரியில்தான் இருப்பான். இதைச் சொல்லிப் பழமைக்கு ஏங்க எனக்கு விருப்பமில்லை. பிறப்பினால் இடம் ஒதுக்கிய ஊர்கள் மனிதருக்குச் செய்த வேறு காரியங்களும் நமக்குத் தெரியும். திறமைக்கு இடம் என்பது நல்ல ஏற்பாடுதான். அதில் இடம் இழந்தவனுக்கு என்ன சொல்வது என்பதற்கு மட்டும் நாம் இன்னும் ஒரு வழக்கத்தை உண்டாக்கவில்லை.

தேசிய அணியும் இருக்கிறவனை வைத்துத்தான் ஆடுகிறது, ஆனால் அதற்கு உலகம் பூராவும் தேடலாம். 2023 ஜனவரியில் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தி, ஓகஸ்ட்டில் தடையை நீக்கியது. அதன் பிறகு கட்டிய அணியின் பின்களத்தில் ஜேர்மனியில் பிறந்து வளர்ந்த கிளவ்டியோ கம்மர்க்னெக்ட் போன்றவர்கள் நிற்கிறார்கள். அணியில் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு. இங்கிருந்து ஓடவேண்டி வந்தவர்களின் மக்கள் இந்த நாட்டுக்காக ஆட விமானத்தில் வருகிறார்கள். இங்கேயே இருந்தவர்களின் மக்கள் அதே விமான நிலையத்தில் கட்டாருக்கும் டுபாய்க்கும் வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு வரிசையும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளுமோ என்னவோ.

எங்கள் பயிற்றுநரின் நாலு கல்லிலும் அதுதான் நடந்தது. இடப்பக்கத்துப் பையனுக்குத் தை மாதத்தில் விசா வந்தது. நடுவில் நின்றவர்களில் ஒருவன், கையளித்தலும் குரல் கொடுத்தலும் நன்றாகவே படித்துவிட்டவன், கொழும்பில் ஒரு வேலைக்குப் போனான். புதிய முறையை அரைகுறையாக ஏந்தியபடி கழகம் இரண்டு ஆட்டம் தோற்றது. பயிற்றுநர் என்னிடம் ஒருநாள், “முறை பிழை இல்ல அண்ணன், ஆள்தான் இல்ல” என்றார். ‘ஆள் சரியில்லை’ என்பதிலிருந்து ‘ஆள் இல்லை’ என்பதற்கு வருவதற்கு ஆறு மாதம் எடுத்தது. அட்டைக்கு ஆள் அனுப்பச் சொன்னேன். அவருக்கும் அந்த எண்ணம் இருந்தது, ஆனால் கேட்பதற்குக் கூச்சம். சட்டையை வேறொருவனிடம் கொடுத்த அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்தக் கூச்சம் வேண்டாம் என்பது அவருக்கும் விளங்கித்தான் இருந்தது. நான் எடுத்துச் சொல்லவில்லை.

அட்டை அப்போது வெட்டு மெசினோடு வயல் வயலாகப் போய்க்கொண்டிருந்தான். ஒரு மாலை, காலில் வைக்கோல் தூசு கழுவாமலேயே மைதானத்துக்கு வந்தான். யாரும் பழைய கதையை எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. பூட்ஸைக் கட்டி எழும்பி, “சேர், இண்டைக்கு ஆளப் பிடிக்கவா, இடத்தப் பிடிக்கவா?” என்று கேட்டான். கேட்ட விதத்தில் நக்கல் ஏதும் இல்லை, அறிந்துகொள்ளவே கேட்டான். பயிற்றுநர் வந்திருந்தவர்களை ஒருதரம் எண்ணினார். அவனோடு சேர்த்து ஒன்பது பேர். பந்துக்காப்பாளனையும் காணவில்லை.

“நீ கோலுக்குள்ள போய் நில்லு மனே” என்றார்.